பின்னிருக்கையின் பொறுமை

பொறுமை ஒரு குணமா, அல்லது வெறும் அறியாமையா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. தென்னேரியில் என் வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி மாட்டியதிலிருந்து வந்தது.

என் மனைவி பட்டு நெய்கிறவள். கோர்வைச் சேலை, உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் மதியம்தான் எழுவாள். சேலை முடிந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் ஏறுவாள். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய்க் கொடுத்துவிட்டு வருவோம். சில மாதங்களாக இடுப்பு வலி என்று சொல்லிவந்தாள். தறியில் உட்காருகிறவர்களுக்கு வருவதுதானே என்றேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது, வலதுபக்க ஷாக்கில் எண்ணெய் கசிந்து, புழுதி அப்பி, கறுப்பாய்க் கெட்டிப்பட்டிருந்ததைப் பார்த்தேன். பழைய வண்டி, ஆயில் சீல் தேய்வது யார் குற்றமும் அல்ல. அதை இத்தனை நாள் பார்க்காமல் இருந்தது என் குற்றம்.

வேலை சிரமமானதல்ல. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாக் வெளியே வந்ததும் ஸ்விங் ஆர்ம் சக்கரத்தோடு கீழே இறங்கிவிடும். ஒருபக்கம் மாட்டியிருக்கும்போதே மறுபக்கத்தைக் கழற்றுவது நல்லது. துருவேறிய நட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, வலதுபக்கத்தைக் கழற்றினேன். தரையில் நிறுத்தி உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தினேன். கையை எடுத்ததும் துள்ளி எழுந்தது.

அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கணம் திருப்பித் தருகிறது. அதைக் கரைப்பது உள்ளே இருக்கும் எண்ணெய். சின்னத் துவாரங்களின் வழியே நெருக்கிப் புகும்போது அசைவு சூடாக மாறி, காற்றில் போய்விடுகிறது. எண்ணெய் போன பிறகு மிஞ்சுவது, வாங்கியதையெல்லாம் திருப்பி அடிக்கும் ஒரு கம்பிச்சுருள். அதன் மேல்தான் அவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

எனக்கு ஏன் தெரியவில்லை? ஓட்டுகிறவன் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறான். பின்னால் இருப்பவர் ஏறக்குறையப் பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறார். தவிரவும் பள்ளம் வருவதை நான் பார்க்கிறேன். காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்கிறேன். அவளுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்.

ஒருகாலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்துக்கு ஷாக்கே கிடையாது. அச்சைச் சட்டத்தோடு முறுக்கியிருந்தார்கள். கரடுமுரடான பாதையில் பின்பக்கம் விறைப்பாக இருந்தால்தான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும் என்பது பந்தயக்காரர்களின் நம்பிக்கை. 1948இல் ராயல் என்ஃபீல்ட் கம்பெனி, ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக்கும் வைத்த புல்லட்டை இறக்கியது. அதே வருஷம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறுநாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா உருவானது. 2013இல் எங்கள் பக்கத்து ஒரகடத்துக்கே தொழிற்சாலை வந்துவிட்டது. விறைப்பு என்பது விதியல்ல, ஒரு ஏற்பாடு மட்டுமே என்பது தெரிவதற்கு முன்பு எத்தனை முதுகெலும்புகள் அதை விதியென்று ஏற்றிருக்கும்!

ஒருபக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் பாரம் சமமாக இறங்காது. எனவே இரண்டையும் மாற்றினேன். நட்டுகளை முதலில் லேசாகப் பிடித்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தன் பாரத்தில் அது நின்ற பிறகு முழுக்க இறுக்கினேன். அப்போதுதான் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்காது.

நம் கதைகளில் பொறுமையான பெண்களுக்குப் பஞ்சமில்லை. நானும் எழுதியிருக்கிறேன். ஷாக்குகளை மாட்டி முடித்த அன்று, அவளுடைய மௌனத்தைப் பற்றி ஒரு கவிதைகூட எனக்குள் உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் போல் திருப்பித் தராமல் எண்ணெய் போல் கரைத்தவள் என்று. நல்லவேளை, எழுதவில்லை.

அடுத்த சேலையோடு கிளம்பினோம். ஏரிக்கரையைத் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்:

"என்னாங்க, ரோடு போட்டுட்டாங்களா?"

அவள் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. சாலை அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். நான் தறி அப்படித்தான் என்று நினைத்தேன். சாலையையும் தறியையும் கோபித்து என்ன ஆகப்போகிறது? காரணம் ஒரு மனிதனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்று தெரிந்த பிறகும் ஒருவர் சும்மா இருந்தால் மட்டுமே அதைப் பொறுமை என்று சொல்ல முடியும். தெரியாதவரின் மௌனத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, பெயர் சூட்டுகிறவனுக்கே சௌகரியம்.

சொல்லாமலும் விட்டிருக்கலாம். நல்ல சாலைக்கான நன்றி யாரோ ஒருவருக்குப் போயிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திச் சொன்னேன். கொஞ்சநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து அப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.