ஒன்றிப்பும் அளவுகோலும்

மனம் ஒரு வேலையில் முற்றாக ஒன்றிவிடும் வேளைகள் உண்டு. நாளைய பாடத்துக்குக் குறிப்பெழுத அமர்கிறோம். நேரம் போவது தெரிவதில்லை, பசியும் தோன்றுவதில்லை. இந்நிலையை ஆராய்ந்த உளவியலாளருள் முதன்மையானவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் (1934–2021). வேலையின் கடினமும் செய்பவரின் திறனும் ஒத்துவருமிடத்தே இவ்வொன்றிப்புப் பிறக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இதனை அளப்பது எங்ஙனம்? சிக்காகோவில் அவரும் அவருடைய சகாக்களும் மக்களிடம் ஒலியெழுப்பும் சிறு கருவிகளைக் கொடுத்தனர். ஒரு வாரகாலம், எதிர்பாராத வேளைகளிற் கருவி ஒலிக்கும். ஒலித்ததும் செய்யும் காரியத்தையும் மனநிலையையும் அவர்கள் குறித்துவைத்தல் வேண்டும். இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். ஒன்றியிருப்பவர் தம்மை மறந்திருக்கிறார். 'ஒன்றியிருக்கிறீரா?' என்று கேட்ட கணமே அந்நிலை கலைந்துவிடுகிறது. அளவிற் சிக்குவது ஒன்றிப்பன்று, அதன் நினைவே.

1989இல் வெளியான அவர்களது ஆய்வொன்று, ஓய்வு வேளையைவிட வேலை வேளையிலேயே ஒன்றிப்பு மிகுதி என்றது. ஆயினும் வேலை வேளையில் அம்மக்கள் வேறெதையேனும் செய்யவே விரும்பினராம்! வேலையைக் கட்டாயமெனக் கருதும் வழக்கமே இதற்குக் காரணம் என்பர். நாம் ஒருபடி மேலே சென்று கேட்போம்: அவ்வேலை அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததா?

1911இல் அமெரிக்காவின் வோட்டர்டவுன் படைக்கலச்சாலையில் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். டெயிலரின் முறைப்படி நிறுத்தற் கடிகாரத்தைக் கொண்டு தம் கையசைவை அளந்ததை அவர்கள் ஏற்கவில்லை. இன்று அலுவலகக் கணினிகளில் விசைத் தட்டல்களை எண்ணும் மென்பொருள்கள் வந்துள்ளன. கையை அளந்தவர்கள் இனி கவனத்தையும் அளக்க முற்படுவதில் வியப்பென்ன?

அப்படியாயின் அளவையே வேண்டாமென்பதா? அன்று. அதே சிக்காகோவில் 1886இல் தொழிலாளர் கோரிய எட்டுமணி வேலைநாளும் ஓர் அளவுதானே. அஃது உழைப்பவர் கையிலிருந்த அளவுகோல். எங்கே இடையூறு மிகுகிறது, எவ்வேலை மனத்தை வாட்டுகிறது என்பதை உழைப்பவரே அளந்தறிந்து, அதைக்கொண்டு தம் நிலையை மாற்றக் கோருவாராயின் அவ்வளவை நாம் வரவேற்போம். அதே கணக்கு முதலாளியின் மேசைக்குச் செல்லுமாயின், மறுநாள் அதுவே எட்டவேண்டிய இலக்காகிவிடும்.

இன்னுமொன்று. பொய்க் கணக்கு எழுதுபவரும் அதில் ஆழ்ந்து ஒன்றிவிடலாம். ஒன்றிப்பின் ஆழத்தைக் கருவி காட்டலாம். அவ்வுழைப்பு யாருக்காக, எதற்காக என்பதைக் காட்டாது. மாணவர்களே, அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது. அதற்காக வேலையினின்றும் சற்றே தலைநிமிர்வதால் ஒன்றிப்புக் கலையுமாயின், கலைந்துபோகட்டும்.