வாசலில் இரண்டு விலை

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் தேசியப் பூங்காவின் நுழைவாயிலில் சற்றே நிற்க வேண்டும். அங்கே ஒரே பாதைக்கு இரண்டு கட்டணங்கள் உள்ளன. உள்நாட்டார் கொடுப்பது ரூபாக் கணக்கில் ஒரு சிறு தொகை. வெளிநாட்டார் கொடுப்பது டொலர்க் கணக்கில் அதனினும் பன்மடங்கு. உள்ளே சென்றபின் இருவர் காண்பதும் ஒரே பனிமூட்டம்; ஒரே புல்வெளி; ‘உலக முடிவு’ என்னும் ஒரே செங்குத்துப் பாறை. தோட்டப் பாடசாலை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வழி சென்றபோது, அவர்களுள் ஒருத்தி எம்மிடம் கேட்டாள்: “சேர், ஒரே காட்சிக்கு ஆளுக்கொரு விலை வாங்குவது நியாயமா?”

உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அந்த வினாவை மலையிறங்கி வந்த பின்னரும் சுமந்துகொண்டிருந்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

இவ்வினா ஒரு பூங்காவின் வாசலோடு முடிவதன்று. துவிச்சக்கரவண்டியில் ஆர்வமுள்ள இளைஞரைக் கேட்டுப் பாருங்கள். பற்சக்கரம், சங்கிலி, பிரேக் கட்டை முதலியவற்றைப் பிரித்தானிய அங்காடிகள் இணையத்தின் வழியே உலகெங்கும் விற்கின்றன. பொருளை அனுப்ப வேண்டிய நாட்டின் பெயரைக் குறித்ததும் விலை மாறுவதுண்டு. ஒரு நாட்டானுக்குக் குறைகிறது. மற்றொரு நாட்டானுக்குக் கூடுகிறது. சில பொருள்கள் சில நாடுகளுக்கு விற்பனைக்கு இல்லை என்றே மறைந்துவிடுகின்றன. பெட்டியிலிருக்கும் சங்கிலியோ அதே சங்கிலிதான்.

இவ்வேறுபாடு முழுவதையும் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது அவசர புத்தி. பிரித்தானியாவில் 2011 முதல் 20 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரி, நாட்டைவிட்டு வெளியேறும் பொருளுக்கு அறவிடப்படுவதில்லை. அனுப்பும் கூலியும் சுங்கத் தீர்வையும் நாட்டுக்கு நாடு வேறு. இவை செலவில் உள்ள வேறுபாடுகள். இவற்றில் ஒழுக்கப் பிரச்சினை ஏதும் இல்லை. இவற்றையெல்லாம் கழித்த பின்னரும் ஒரு மிச்சம் நிற்குமானால், அந்த மிச்சமே நம் ஆராய்ச்சிக்கு உரியது. ஒரு நாட்டு விநியோகத்தரின் தனியுரிமையைக் காப்பதற்காகவோ, ‘இந்நாட்டான் இவ்வளவு தாங்குவான்’ என்று மதிப்பிட்டோ கூட்டப்படும் தொகை அது. அங்கே வியாபாரி பொருளை நிறுப்பதை விட்டு ஆளை நிறுக்கத் தொடங்குகிறான்.

இதற்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. ‘விற்பவன் சொன்னான், வாங்குபவன் இசைந்தான், இதில் நியாயம் பேச மூன்றாமவனுக்கு என்ன இடம்?’ என்பது வியாபாரியின் விடை. ‘மனிதர் யாவரும் சமம், ஆகவே விலையும் யாவர்க்கும் சமமாக இருத்தல் வேண்டும்’ என்பது நல்லெண்ணம் படைத்தவரின் விடை. முன்னது கொடியது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. பின்னது போதாது என்பதைத்தான் நாம் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும்.

எயிட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஓராண்டுக்கு வேண்டிய மருந்து மேலைநாடுகளில் பத்தாயிரம் டொலருக்கு மேல் விற்ற காலம் ஒன்று இருந்தது. 2001-ஆம் ஆண்டில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அம்மருந்தை வறிய நாடுகளின் அரசுகளுக்கு 600 டொலருக்கும், ‘எல்லையற்ற மருத்துவர்கள்’ அமைப்புக்கு 350 டொலருக்கும் தர முன்வந்தது. வாங்குவோனைப் பார்த்தே விலை வேறுபட்டது. அதை அநியாயம் என்று கூறத் துணிவார் உண்டோ? அங்கே ‘யாவர்க்கும் ஒரே விலை’ என்று பிடிவாதம் செய்வது, பணமில்லாதவனைச் சமத்துவத்தின் பெயரால் சாகவிடுவதாகும். சமமற்ற உலகில் சமமான விலை தானாகவே நீதியாகிவிடாது. ஹோட்டன் சமவெளி வாசலில் நம் மாணவிக்கும் இதே நியாயம் பொருந்தும். விமானமேறி வந்தவரின் கட்டணமே அவளுக்கும் விதிக்கப்பட்டால், அவள் பிறந்த மலையின் உச்சியை அவள் ஒருபோதும் காணமாட்டாள்.

அப்படியானால் எந்த இரட்டை விலை நியாயம், எது அநியாயம்? பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அதை நீதி நூல்களில் தேடுவதற்கு முன், சந்தையின் இயக்கத்திலேயே தேடிப் பார்ப்போம்.

இரண்டு விலைகள் நிலைத்து நிற்க வேண்டுமானால் அவற்றின் இடையே ஒரு சுவர் வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கியவன் அதைக் கூடிய விலைக்காரனிடம் கொண்டுபோய் விற்க முடியுமானால், இரண்டு விலையும் விரைவில் ஒன்றையொன்று நெருங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இவ்வுண்மையை உணர்ந்தே 2018-இல் ஒரு சட்டம் செய்தது. அச்சட்டம் ஒன்றியமெங்கும் ஒரே விலை வேண்டும் என்று கட்டளையிடவில்லை. ஓர் உறுப்பு நாட்டின் இணைய அங்காடிக்குள் மற்றோர் உறுப்பு நாட்டான் நுழைவதைத் தடுக்கக் கூடாது, நாட்டினத்தையோ வதிவிடத்தையோ காரணம் காட்டி அவனை வேறாக நடத்தக் கூடாது, அவ்வளவே. விலையைத் தொடாமல் சுவரில் ஒரு வாசல் திறந்தார்கள்.

ஆகவே நாம் விலைப்பட்டியலை விட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். அச்சுவரை எழுப்பியவர் யார்? அது யாரைக் காக்கிறது? மறுபக்கம் செல்ல விரும்பும் எளியவனுக்கு வழி உண்டா? மலிவு மருந்து பணக்கார நாடுகளுக்குத் திரும்பிப் போகாமல் தடுக்கும் சுவர் நோயாளியைக் காக்கிறது. வாங்குவோனுக்கு வேறு கடை இல்லாதபடி செய்யும் சுவர் விற்போனின் இலாபத்தை மட்டுமே காக்கிறது.

இரண்டாம் வகைச் சுவர் கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கும். அமெரிக்காவின் ஸ்டேப்பிள்ஸ் என்னும் எழுதுபொருள் நிறுவனம், தன் இணைய அங்காடியில் வாங்குவோரின் இருப்பிடத்தைக் கணித்து வெவ்வேறு விலை காட்டியதை, 2012-ஆம் ஆண்டில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் நாளேடு ஆராய்ந்து வெளியிட்டது. போட்டிக் கடை அருகில் உள்ள இடத்தாருக்குப் பெரும்பாலும் தள்ளுபடி விலை கிடைத்தது. சராசரி வருமானம் கூடிய பகுதிகளிலேயே அத்தள்ளுபடி மிகுதியாகக் காணப்பட்டது. ஏழையைத் தேடிப் பிடித்துக் கூடுதலாக வாங்க வேண்டுமென்று அந்த இயந்திரத்திற்கு யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை. வேறு வழியில்லாதவனிடம் கூட்டிக் கேள் என்று கற்பித்தாலே போதும். அது ஏழையின் வீட்டைத் தானே கண்டுபிடித்துவிடும். பஸ் கட்டணம் கொடுத்து ஹட்டன் நகருக்குப் போக முடியாதவன் லயத்தருகிலுள்ள ஒரே கடையில் கடனுக்கு வாங்கும்போது என்ன விலை கொடுக்கிறான் என்பதை அறிந்த நமக்கு, இதில் வியப்பேதும் இல்லை.

இதுவரை வாங்குவோனைப் பற்றியே பேசினோம். ஆனால் தோட்டத்து மனிதன் வாங்குவோன் மட்டும் அல்லன்; உழைப்பை விற்போனும் ஆவான். அவன் விற்ற பொருளுக்கு என்ன விலை வைத்தார்கள் என்பதைக் காணாமல் இவ்வாராய்ச்சி நிறைவுறாது.

1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி, 1929-இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் வகுக்கப்பட்டது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தாழ்நாட்டிலோ முறையே 50, 40, 30. இடைநாட்டுக்கு இவற்றின் நடுவே வேறொரு பட்டியல். உயரத்தால் மூன்று, ஆளால் மூன்று. ஆக மனித உழைப்புக்கு ஒன்பது விலைகள்! மலைநாட்டின் வாழ்க்கைச் செலவு கூடியது என்பதற்கு ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். கொழுந்து பறிக்கும் வேலையின் பெரும்பங்கைச் செய்த பெண்ணுக்கு 11 சதம் குறைந்ததற்கு என்ன நியாயம் சொல்வது? கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடைபெறுகிறது. தேயிலையின் தரத்தையும் அது விளைந்த உயரத்தையும் அங்கே பார்ப்பார்கள். அதைப் பறித்த கை ஆணின் கையா, பெண்ணின் கையா என்று எந்த வணிகனும் கேட்டதில்லை. ஏலத்தில் ஒன்றாக விலைபோன கொழுந்து, சம்பளப் புத்தகத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்தது. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984-இல். 55 ஆண்டுகள் சென்றன.

இவ்விலைகளைத் தாங்கி நின்ற சுவர் எது? ஒருகாலத்தில் அதன் பெயர் ‘துண்டு’. இந்தக் கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு காகிதம். அதில்லாமல் தொழிலாளி அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. நல்ல சம்பளம் தரும் மலை கண்ணெதிரே தெரியும், போக வழியில்லை. ‘துண்டு’ முறை 1921-இல் ஒழிந்தது. அதனினும் பெரிய சுவர் பின்னால் வந்தது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. பிரிக்கப்பட்டவரிடம் யாரும் கேட்கவில்லை. 2003-இலும் இதற்கென ஒரு சட்டம் நிறைவேற வேண்டியிருந்தது. நாடற்றவனுக்கு வாக்கில்லை, அரசாங்க உத்தியோகமில்லை, தோட்டத்தை விட்டால் போக்கிடமில்லை. போக்கிடமில்லாதவன் விற்கும் உழைப்பின் விலையை வாங்குபவனே எழுதுவான்.

இப்பொழுது மீண்டும் ஹோட்டன் சமவெளி வாசலுக்கு வருவோம். அங்குள்ள இரட்டைக் கட்டணம் நியாயமானதே என்று சற்றுமுன் கூறினோம். ஆனால் ‘உள்நாட்டார்’ என்ற அச்சொல்லின்மேல் நம் கண் தங்குகிறது. 1950-களிலோ 60-களிலோ அப்படியொரு பலகை அங்கே இருந்திருந்தால், நம் மாணவியின் பாட்டன் எந்த வரிசையில் நின்றிருப்பான்? ஒப்பந்தத்தின்படி கப்பலேறி, நீலகிரியில் 1968 முதல் உருவான அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தவர்களின் மக்கள், தம் முன்னோர் வாழ்ந்த லயத்தைக் காண இன்று வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் உள்நாட்டார் வரிசையில் நிற்க முடியாது. இந்த மலைகளுக்குப் பாதை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், அப்பாதையில் நடக்க வெளிநாட்டார் கட்டணம் கொடுக்க வேண்டும். நியாயமான விலைப்பட்டியலையும் அநியாயமான எல்லைக்கோடு கெடுத்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எனவே அம்மாணவிக்கு நாம் தரும் விடை இது. ஆளுக்கொரு விலை என்பது தன்னளவில் பாவமன்று. இல்லாதவனின் இல்லாமையை எண்ணிக் குறைக்கப்பட்டதானால், யாவரும் காணும்படி பலகையில் எழுதப்பட்டதானால், வரிசைகளைப் பிரித்த கோடும் நேர்மையானதானால், அதை ஏற்கலாம். ஒருவனுக்கு வேறு வாசல் இல்லை என்பதை அறிந்து கூட்டப்பட்டதானால், அல்லது அவனிடமிருந்து வாங்கும்போது அதே காரணத்தால் குறைக்கப்பட்டதானால், அது எத்துணைச் சட்டபூர்வமாயினும் கொள்ளையே. இணைய அங்காடியின் இயந்திரத்துக்கும் பழைய சம்பளப் பட்டியலுக்கும் இந்த ஒரே அளவுகோல் போதும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. விலையைக் கூட்டிக் கழிக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த விலையை எழுதியவர் யார், எழுதும்போது எந்தக் கதவு மூடியிருந்தது என்று கேட்கவும் கற்பிக்க வேண்டும். 2024-இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென்று வர்த்தமானியில் வந்தபோது, அத்தொகை போதுமா என்றே எங்கும் வாதம் நிகழ்ந்தது. அது வேண்டிய வாதம்தான். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தமாகவும், நிலம் பிறருக்குச் சொந்தமாகவும் இருக்கும்வரை ‘வேண்டாம்’ என்று சொல்லி எழுந்து போக அத்தொழிலாளிக்கு வழி ஏது என்ற வினாவும் அதனோடு சேர்ந்து எழ வேண்டும். அவ்வினாவை வாசலில் நின்று கேட்கத் தொடங்கியவள் ஒரு கொழுந்துக்காரியின் மகள். அவளுக்கு விடை கூறுவதோடு நில்லாமல், அவளோடு சேர்ந்து நாமும் கேட்போமாக.