திறந்த கூடும் திரும்பும் புறாவும்

குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தருவது எளிது. உயிருள்ள ஒன்றை அவர்தம் கையில் ஒப்படைப்பது எளிதன்று. பொம்மை உடைந்தால் வேறொன்று வாங்கலாம். பட்டினியால் மடிந்த பறவைக்கு ஈடு ஏது? ஆகவே, கொல்லையில் புறா வளர்க்க வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்கும்போது, மறுப்பதற்கும் இசைவதற்கும் முன்னர் நாம் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

புறா வளர்ப்பென்றதும் நம் பெரியோர் முகம் சுளிப்பது காரணமின்றி அன்று. புறாவைத் துரத்திச் சென்ற ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்த செய்தி அபூதாவூதின் தொகுப்பில் உள்ளது. பறவைகளோடு விளையாடித் திரிவோரின் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்கிறது ஹனஃபி சட்ட நூலாகிய ‘ஹிதாயா’. அது மறதியில் ஆழ்த்தும் என்பதும், பறவையைப் பறக்கவிட மாடியேறுவோர் அண்டை வீட்டுப் பெண்டிரின் மறைவிடங்களைக் காண நேரும் என்பதும் அந்நூல் காட்டும் காரணங்கள்.

எனினும் அதே நபிகள் பெருமானார், அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரரான அபூ உமைர் என்னும் சிறுவரிடம், அவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவையைப் பற்றிப் பரிவுடன் விசாரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காணப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி புறா அஞ்சலை ஒழுங்குபடுத்தினார். நம் நாட்டில் ஒடிசாக் காவல்துறையும் 1946இல் அத்தகைய அஞ்சல் பணியைத் தொடங்கியது. எனவே, கண்டனத்துக்கு உரியவை சூதும் வீண்பொழுதும் பிறர்க்கு இடையூறுமே. பறவையைப் பேணுதல் அன்று என்பது தெளிவு.

ஆனால் இவ்விடத்தில்தான் நம் வினா தொடங்குகிறது. பேணுதல் என்பது யாது? கூண்டில் அடைத்து வைப்பதா?

வீடு திரும்பும் புறாவின் இயல்பு வியப்புக்குரியது. அது கதிரவனின் நிலையைக் கொண்டு திசையறிகிறது. நிலவுலகின் காந்தப்புலத்தையும் காற்றில் வரும் வாசனையையும் துணைக்கொள்கிறது. மேகம் மூடிய நாளில், காந்தத் துண்டு பொருத்தப்பட்ட புறாக்கள் திசை தடுமாறின என்பதை வில்லியம் கீட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இத்தனை ஆற்றலும் அப்பறவைக்கு ஒரேயொரு இடத்தை அடையவே பயன்படுகிறது. எந்தக் கூட்டிலிருந்து முதன்முதல் வானைக் கண்டதோ, அந்தக் கூடே அதன் இல்லம்.

இதை அறியாமல் நாம் ஒருமுறை தவறிழைத்தோம். நம் வீட்டுப் பிள்ளைக்காக, 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒருவரிடமிருந்து வளர்ந்த சோடிப் புறாக்களை விலைக்கு வாங்கி வந்தோம். ஒரு திங்கள் அடைத்து வைத்துத் தீனி போட்டோம். பழகிவிட்டன என்றெண்ணிக் கதவைத் திறந்தோம். அவை கொல்லைக்கு மேல் ஒரு வட்டமிட்டு, வந்த திசையிலேயே சென்று மறைந்தன. பிள்ளை இரவு உண்ணவில்லை. மறுநாள், புறாக்கள் தம்மிடம் வந்து சேர்ந்ததாக விற்றவர் சொல்லியனுப்பினார். நேர்மையான மனிதர், வந்து பெற்றுக்கொள்ளுமாறும் கூறினார்.

விலை கொடுத்தது நாம். ஆகவே அவை நம் உடைமை. இதில் ஐயமில்லை. ஆயினும் புறப்பட ஆயத்தமானபோது பிள்ளை கேட்டது: “வாப்பா, அதுக்கு அதுதானே வீடு? நாம ஏன் அதைத் திரும்பப் பிடிச்சிட்டு வரணும்?” விடை கூற நமக்கு நா எழவில்லை. உடைமை வேறு, இல்லம் வேறு என்பதை அச்சிறு உள்ளம் நமக்கு முன்பே உணர்ந்திருந்தது. புறாக்களை அவரிடமே விட்டுவிட்டு, அவற்றின் குஞ்சுகள் இரண்டைப் பின்னர் பெற்றுவந்தோம்.

தொடங்க விழைவோர் இவ்வாறே தொடங்குதல் நலம். புறா பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு பொரியும். தாயும் தந்தையும் முறை வைத்து அடைகாக்கும். இரண்டுமே தம் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டும். ஒரு திங்கள் நிரம்பிய குஞ்சைப் பெற்று, பூனை நுழையாக் கூட்டில் வைத்து, கம்பி வலை வழியே சுற்றுப்புறத்தைச் சில நாள் காணவிட வேண்டும். சோளம், கம்பு, பயறு, சிறு கல், தூய நீர் ஆகியவை நாள் தவறாமல் வேண்டும். எச்சத்தை அகற்றுகையில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளவும், பின்னர் கை கழுவவும் பழக்குதல் வேண்டும். முதலில் கூட்டருகேயும், பிறகு 1 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் எனத் தொலைவைக் கூட்டியும் பறக்கவிடலாம்.

கதவைத் திறக்கும் அந்நாழிகையே உண்மையான பாடம். வல்லூறு உண்டு, மழை உண்டு, திரும்பாமலே போதலும் உண்டு. இத்துன்பத்தைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்யலாமா எனச் சிலர் வினவுவர். செய்யலாம் என்பதே நம் துணிபு. அஞ்சிப் பூட்டி வைப்பது அன்பன்று. அது நம் அச்சத்துக்குப் பறவையைப் பிணையாக்குவது.

பந்தயக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விரைந்து திரும்புவதற்காக ஆண் புறாவை அதன் பெடையிடமிருந்து பிரித்து வைத்துப் பின்னர் பறக்கவிடுவர். பறவையின் பாசத்தையே சாட்டையாக்கும் செயல் இது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பித் தருமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம். பிள்ளைக்குப் புறாவைத் தரும்போதே, இவ்வழக்கம் ஏன் நமக்கு ஆகாது என்பதையும் சொல்லித் தருதல் வேண்டும்.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருக்குர்ஆன் தரும் பாடம். அவை நம்மிடம் அமானிதம். பிள்ளைகளும் அவ்வாறே அன்றோ? அவர்களும் ஒருநாள் நம் கூட்டைவிட்டுப் பறப்பார்கள். திரும்பி வருமாறு கட்டளையிட நமக்கு ஆற்றல் இல்லை. திரும்பத் தக்கதாக வீட்டை வைத்திருக்கும் பொறுப்பு மட்டுமே உண்டு. மாலையில் கூட்டின் கதவைத் திறந்து வைத்து, நீரை மாற்றி ஊற்றி, வானத்தை நோக்கி நிற்கும் பிள்ளையிடமிருந்து அதை நாமும் கற்றுக்கொள்ளலாம்.