கறுத்த எண்ணெயும் வெள்ளைச் சட்டையும்

உழைப்பே உயர்வு என்று மேடைதோறும் முழங்குகின்றோம், கேட்டுக் கைகொட்டுகின்றோம். ஆயின் நமது கையில் கரி படும் வேளை வந்துவிட்டால், அவ்வுயர்வை மற்றொருவனுக்கு விட்டுக்கொடுத்து விலகி நிற்கின்றோம். இஃது ஏன்?

ஜெராமை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாயிருக்கும் யான், அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனது மைவி வண்டியின் அடியிற் படுத்து எஞ்சின் எண்ணெயை யானே மாற்றினேன். வடிகட்டிக்கும் சேர்த்துப் பணம் பெற்ற பட்டறை ஒன்று, பழைய வடிகட்டியையே விட்டுவைத்திருந்ததைக் கண்டபின் எழுந்த பிடிவாதம் அது. வழியே வந்த நண்பர், “கிராணி ஐயாவே இப்படிக் கீழே கிடக்கலாமா? ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே!” என்றார். வாசலில் நின்ற தந்தையாரின் முகமும் வாடிற்று. அவர் பால்மரம் சீவியவர்; மகன் கையில் அழுக்குப் படலாகாதென்றே கடன்பட்டு ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் என்னைப் படிக்கவைத்தவர்.

அவ்வாட்டத்தை யான் எள்ளேன். வேறு வழியின்றிப் பிறனுக்காகப் படும் அழுக்கினின்றும் மகனை விடுவிக்க அவர் விரும்பியது நியாயமே. ஆனால் தன் பொருளைத் தான் பேணுங்கால் படும் அழுக்கில் இழிவென்ன? பெற்ற விடுதலையை, நம் அழுக்கைப் பிறன் தலையில் ஏற்றும் உரிமையாக்கிக் கொள்வோமாயின், பழைய சாதிக்குப் புதுச் சட்டை தைத்தவர்களாவோம்.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை அக்கக்காய்க் கழற்றிப் பூட்டி இயந்திர நுட்பம் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். கை கறுத்ததனால் அவர் பெருமை குன்றிற்றோ?

இவ்வேலையில் மந்திரமும் இல்லை. எஞ்சினைச் சிறிது சூடாக்கி நிறுத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாது, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தல் வேண்டும். அடித்திருகைக் கழற்றி வடியவிட்டு, வடிகட்டியை மாற்றி, புத்தெண்ணெய் வார்த்து அளவுகோலைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் கறுப்பது அதன் குற்றமன்று. எஞ்சினிற் படியவேண்டிய கரியைத் தான் சுமந்தே அது கறுக்கின்றது.

வேலை முடிந்ததென்று மகிழ்ந்து, வடித்த எண்ணெயைப் பின்புறச் சாக்கடைக்குத் தூக்கிச் சென்றேன். அப்பொழுது தந்தையார், “அந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று தெரியுமா, தம்பி?” என்றார். யான் நின்றேன். சாக்கடை ஓடைக்கும், ஓடை ஜெராம் கடலுக்கும் செல்லும். அக்கடலில் வலை வீசுவோர் நம் அயலார். 2020 செப்டம்பரில் ராவாங் அருகே சுங்கை கோங்கிற் கலந்த மாசினால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குதாரர்களுக்குக் குழாய்நீர் தடைப்பட்டதை நாம் மறந்தோமில்லை. கழித்த எண்ணெயை அபாயக் கழிவெனவே நமது நாட்டின் 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வகுத்துள்ளன.

ஆளை ஏவாது யானே செய்தேன் என்று செருக்குற்ற அவ்வேளையிலேயே, என் அழுக்கை முகமறியாத மீனவனிடம் ஏவவிருந்தேன்! காந்தியடிகள் 1910இல் தென்னாப்பிரிக்காவில் அமைத்த தால்ஸ்தாய் பண்ணையில் தமிழரும் வாழ்ந்தனர். அங்கே ஏவலாளர் இலர். சமைப்பது முதல் கழிவைக் குழிதோண்டிப் புதைப்பது வரை அனைத்தையும் தாமே செய்தனர். தன் வேலையைத் தானே செய்தல் என்பதன் முழுப்பொருள் அதுவேயாம்.

எண்ணெயைத் தகரத்தில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்த்து அனுப்பும் பட்டறை ஒன்றிற் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனைத் தகரத்தில் வார்க்குங்கால் புனலைப் பிடித்தவர் தந்தையாரே. ஆயுள் முழுதும் அழுக்கில் உழைத்தவருக்கே அழுக்கு எங்கே போய்ச் சேருமென்பது தெரிந்திருந்தது.

அன்பர்காள்! நமது கை கறுத்தால் சவர்க்காரம் போதும். நாம் கைகழுவிய அழுக்கு அயலான் சோற்றிற் கலந்தால், எதைக்கொண்டு கழுவுவோம்?