சாய்வு

அசையும் உறுப்பே இல்லாத யந்திரம் ஒன்று உண்டு. 1922-ல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய குளிர்பெட்டி. கீழே சூடு, அதில் அமோனியா தண்ணீரைவிட்டுப் பிரிந்து மேலேறித் திரவமாகிறது, ஹைட்ரஜனுக்கிடையே ஆவியாகிக் குளிர்விக்கிறது, தண்ணீரில் மறுபடி கரைந்து கீழே இறங்குகிறது. பம்பு இல்லை. சூடும் புவியீர்ப்பும்தான் எல்லாம்.

வீடாகவே பயன்படும் கேரவான் வண்டிகள் பலவற்றில் இருப்பது இதுதான். குளிரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, வண்டி நிற்கும் தரையை. தரை சாய்ந்திருந்தால் திரவம் வழியில் தேங்கும். கொதிகலம் வறண்டு அளவுமீறிச் சூடேறும். துருவைத் தடுக்கச் சேர்த்த சோடியம் குரோமேட்டே படிந்து குழாயை அடைக்கும். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினாலும் பயனில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கும் பம்பு கிடையாது. முகத்துவாரம் வழியே கடல் ஏறி வற்றுவதுதான் அதன் இயக்கம். மணல் வாயை அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது. வெறும் வலையைப் பார்த்து வலைக்காரனைக் குறை சொல்வது சுலபம். அடைப்பு நீடித்தால், நீர்ப்பரப்பை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கத்துக்குள்ளேயே சச்சரவு படியும்.

சாய்வு வெளியிலிருந்து வருகிறது. பழுதாக உள்ளே தங்கிவிடுகிறது. அதன்பின் பெட்டியைத் திறந்து பார்ப்பவன் பெட்டிதான் கெட்டது என்பான். அவன் சொல்வது உண்மை. ஆனால் நியாயம் அல்ல. உண்மை கையில் இருக்கிறபோது நியாயத்தைத் தேடிப்போகத் தோன்றாததுதான் நம் சிக்கல்.