முதல் சலவை

தம் கையால் தைத்த ஒரு போர்வையை மற்றவருக்குக் கொடுக்குமுன் அதைத் துவைக்க வேண்டுமா, வேண்டாமா? இதை ஓர் அறநெறி வினா என்று சொல்லியிருந்தால் குருமடத்தில் நமக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் புன்னகைத்திருப்பார்கள். இவ்வினா நம்மிடம் வந்தபோது நாமும் புன்னகைத்தோம். ஐந்து நிமிடங்களில் விடையும் சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த ஐந்து நிமிடங்கள் இன்னும் நம் மனத்தை உறுத்துவதால்தான் இதை எழுதுகிறோம்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டியும் அவருடைய மகளும் வந்து நின்றார்கள். மூதாட்டி எட்டு மாதங்களாக உட்கார்ந்து ஒரு போர்வை தைத்திருந்தார். வீட்டிலிருந்த பழஞ்சேலைகளை அடுக்கி, நடுவே காலஞ்சென்ற கணவரின் வெள்ளை வேட்டியை வைத்து, நான்கு ஓரங்களுக்கும் சிவப்புச் சுங்குடித் துணி கொடுத்து, விரற்கடைக்கு ஒரு வரிசையாக நூலோட்டிய போர்வை. செவிலியர் வேலை கிடைத்துத் தில்லிக்குப் புறப்படும் பேத்திக்காகத் தைத்தது.

"எட்டு மாசமா அம்மா மடியிலேயே கிடந்த துணி சாமி. ஒரே மூக்குப்பொடி வாசம், எண்ணெய் வாசம். ஒரு தண்ணி அலசிக் கொடுக்கலாம்னா விடமாட்டேங்கிறாங்க" என்றார் மகள். மூதாட்டி சொன்னது அதைவிடக் குறைவு: "வேண்டாம் சாமி. அப்படியே இருக்கட்டும்."

ஏன் வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. கைவேலையின் புதுக்கருக்குக் குலைந்துவிடுமே என்று அஞ்சுகிறார், முதியோருக்குரிய சிறு பெருமைதானே என்று நாமாகவே முடிவுசெய்துகொண்டோம். "துவைத்தே கொடுங்கள் பாட்டியம்மா. கொடுப்பதைத் தூய்மையாகக் கொடுப்போமே" என்றோம். மறையுரை முடித்து வந்த தொனி இன்னும் நம் குரலில் இருந்திருக்க வேண்டும்.

அவ்விடை தவறு என்று இன்றும் நாம் எண்ணவில்லை. அதற்கான காரணங்களைத்தான் அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் மக்களின் வழக்கத்தில் இவ்வினாவுக்கு இரு விடைகள் உண்டு. திருமணத்துக்கும் இறப்புக்கும் உறவினர் கொண்டுவருவது கோடித் துணி. நீர் படாதது என்பதே அதன் சிறப்பு. ஒருமுறை அலசிவிட்டால் அது கோடி ஆகாது. கொடுத்தவர் மரியாதை குறைந்துவிடும். ஆனால் பிறந்த குழந்தையை எதில் ஏந்துகிறோம்? கஞ்சி மொடமொடக்கும் புதுத்துணியில் அன்று. பலமுறை துவைத்து, வெளுத்து, மென்மையாகிப்போன பழைய வேட்டியில். தூளி கட்டுவதும் தாயின் பழஞ்சேலையில்தான். வங்கத்துப் பெண்கள் தைக்கும் காந்தாவும் இவ்வகையே. உடுத்து ஓய்ந்த சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் குழந்தைகளைப் போர்த்துவார்கள். சபையில் நிற்பவருக்குக் கோடி, உறங்குகிறவருக்குச் சலவைத் துணி என்று நம் முன்னோர் பிரித்துவைத்ததில் நுட்பமான அறிவு இருக்கிறது. உறங்குகிறவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர். போர்வை தொடுவது அத்தகைய உடலை. அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு கொடுப்பவருடையதே. 1763ஆம் ஆண்டு ஜூன் மாதம் வட அமெரிக்காவின் பிட் கோட்டையில், பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் டெலவேர் பழங்குடித் தூதர்களுக்குத் தெரிந்தே பரிசாகக் கொடுத்தார்கள். அங்கிருந்த வணிகர் ஒருவரின் நாட்குறிப்பே இதற்குச் சான்று. பாட்டியின் மூக்குப்பொடியோடு இதை ஒப்பிடுவது அநியாயம்தான். ஆயினும் போர்வையைப் பெறுகிறவர் கொடுப்பவரை எவ்வளவு நம்ப வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் நமக்குக் காட்டியதில்லை.

தூய்மையைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. கைத்தையல் போர்வைக்கு மிகவும் ஆபத்தான நாள் அதன் முதல் சலவை நாள். பருத்தி சுருங்கும்; முடிச்சு அவிழும்; சாயம் பரவும். அந்நாள் பெற்றவர் வீட்டில் வருமானால் பழியும் அவர் தலையில் விழும். அதற்கு அஞ்சியே எத்தனை வீடுகளில் இத்தகைய பரிசுகள் பெட்டிக்குள் உறங்குகின்றன! மெய்யான கொடை திரும்பப் பெறும் நோக்கமின்றிக் கொடுக்கப்படுவது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் முதற்பகுதியில், 38ஆம் வினாவில், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிக் கூறுகிறார். பொருளைக் கொடுத்துவிட்டு 'பத்திரமாக வைத்துக்கொள்' என்ற கவலையையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பொருள் பாதியளவு நம் வீட்டிலேயே இருக்கிறது. முதல் சலவையைத் தம் கையாலேயே செய்து, கெடுவதானால் தம் கையில் கெடட்டும் என்று துணிகிறவரே அதை முழுமையாகக் கைவிடுகிறார்.

மறுதரப்புக்கும் வலிமை உண்டு. பிறந்து சில நாள்களே ஆன குழந்தை தன் தாயின் மணத்தை மற்றவர் மணத்திலிருந்து பிரித்தறிகிறது என்று 1975இல் மக்ஃபார்லேன் என்ற ஆங்கில மருத்துவர் ஆய்ந்து காட்டினார். இறந்தவரின் கடைசிச் சட்டையைத் துவைக்கவிடாமல் மடியில் வைத்திருந்த தாய்மாரை நம் பங்கிலேயே கண்டிருக்கிறோம். அவர்களிடம் சோப்பைப் பற்றிப் பேசுவது கொடுமை. எனினும் அங்கே மணத்தைக் கேட்பவர் பெறுகிறவர். கொடுப்பவர் தம் மணத்தைப் பிறர்மேல் சுமத்துவது வேறு. யாப்பா நகரில் தொற்கா இறந்தபோது, அவர் தங்களோடு இருந்த காலத்தில் செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். கைம்பெண்கள் உடுத்தி உழைத்த ஆடைகள் எத்தனை முறை நீரில் நனைந்திருக்கும்! தைத்த கையை அவர்கள் அடையாளம் கண்டது மணத்தால் அன்று என்றே தோன்றுகிறது.

இவ்வளவும் சரியே. இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வீடு சந்திக்கச் சென்றபோது, போர்வை முருங்கை மரத்துக்கும் வாசல் தூணுக்கும் இடையே கொடியில் தொங்கியது. நடுவிலிருந்த வெள்ளை வேட்டி முழுவதும் சிவப்புத் திட்டுகள். சுங்குடியின் சாயம் இறங்கியிருந்தது. துவைத்த மகள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறன்று கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டோம்.

"அது ஒரு தண்ணியும் பார்க்காத சேலை சாமி" என்றார். ஊர்த் திருவிழாவுக்கு உடுத்தக் கணவர் மதுரையில் வாங்கிவந்தது. திருவிழாவுக்கு முன்பே அவர் போய்விட்டார். இவர் வெள்ளைக்கு மாறினார். பத்தொன்பது ஆண்டுகளாகக் கோடியாகவே பெட்டியில் கிடந்தது. "சாயம் போகும்னு எனக்குத் தெரியும் சாமி. அதை இத்தனை வருசம் வச்சிருந்தது மக்களுக்குத் தெரியாது. அவ முன்னால எப்படிச் சொல்றது? அப்புறம் நீங்களும் சொல்லிட்டீங்க."

அறநெறி இறையியலில் அகற்றக்கூடிய அறியாமை, அகற்ற இயலா அறியாமை என்று இருவகை கற்பிப்பார்கள். அகற்ற இயலாததற்கு மனிதர் பொறுப்பாவதில்லை. நம்முடையது 'ஏன் பாட்டியம்மா?' என்ற ஒரே கேள்வியால் அகன்றிருக்கக் கூடியது. ஆகவே அதற்குச் சாக்குச் சொல்ல நமக்கு வழியில்லை. தில்லி விடுதியில் வாளி நீரில் அப்பெண் முக்கியிருந்தாலும் இதே சாயம் இறங்கியிருக்கும், தாத்தாவின் வேட்டியைக் கெடுத்தவள் என்ற பழி அவளைச் சேர்ந்திருக்கும் என்பது உண்மை. நம் விடை சரி என்பதற்கு அது சான்றாகலாம். ஆனால் அதைச் சொல்லி அந்தத் திண்ணையில் நம்மைக் காத்துக்கொள்ள மனம் வரவில்லை. துவைக்கலாமா என்பதை முடிவுசெய்யும் உரிமை ஒவ்வொரு துணியின் கதையும் தெரிந்தவருக்கே உரியது. நமக்கோ அதில் ஒரு துணியின் கதைகூடத் தெரியாது.

மன்னிப்புக் கேட்டோம். "போகட்டும் சாமி, பிள்ளை போத்திக்கிட்டாச் சரி" என்றார். பேத்தி அதைத் தில்லிக்கு எடுத்துச் சென்றாள். அடுத்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தபோது விசாரித்தோம். மாதம் ஒருமுறை துவைப்பதாகவும், இப்போது வேட்டி, சேலை எல்லாம் ஒரே வெளிர்ச் சிவப்பாகிவிட்டதாகவும் சொன்னாள்.

கடந்த மாதம் அவ்வீட்டு வழியே சென்றபோது, இரண்டு வாளிகளில் கல்லுப்பு கரைத்து மூதாட்டி துணிகளைத் தனித்தனியே ஊறவைத்துக்கொண்டிருந்தார். பேரனுக்கு ஒரு போர்வையாம். நம்மிடம் எதுவும் கேட்கவில்லை.