விளைந்தால் திறமை, கருகினால் விதியா?

கோவில்பட்டிக் கரிசலிலே அருகருகே இரு காடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரே மண், ஒரே ஐப்பசி மழை. ஒன்றில் சோளம் கதிர் தள்ளி நிற்கிறது. மற்றொன்று கருகிக் கிடக்கிறது. ஊரார் என்ன சொல்வர்? வென்றவன் வசதி படைத்தவனாயின், "கெட்டிக்காரன்" என்பர். தோற்றவன் ஏழையாயின், "அவன் தலையெழுத்து" என்பர். செல்வனின் நல்வாய்ப்புக்குத் திறமை எனும் பட்டம்! ஏழையின் இடருக்கு விதி எனும் பெயர்! இந்தத் தராசு நேரானதுதானா என்று கேட்கிறோம்.

மானாவாரி நிலத்தில் தற்செயலுக்கு இடமில்லை என நாம் கூறவில்லை. வடகிழக்குப் பருவமழை எவர் கட்டளைக்கும் பணிவதில்லை. ஆயினும் முறை என்று ஒன்றுண்டு. மழைக்கு முன்பே, புழுதியில் சுமார் 5 செ.மீ. ஆழத்தில் விதைத்தால், சிறு தூறலுக்கு முளைத்து மடியாமல், மண் நனையப் பெய்யும் மழைக்கே விதை முளைக்கிறது. மழை விழுந்தபின் கரிசல் களியாகிவிடும், ஏர் இறங்காது. மழை தற்செயல், அதற்கு ஆயத்தமாய் நிற்பது முறை, ஆழம் தவறாமல் விதைப்பது திறன்.

மூன்றையும் பிரித்தறிவது எவ்வாறு? ஓராண்டு விளைச்சலைக் கண்டு தீர்ப்பளிப்பது பேதைமை. கோவில்பட்டியில் 1901-ல் தோன்றியது வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். இத்தகைய நிலையங்களில் புதிய வித்தையும் பழைய வித்தையும் பக்கம் பக்கமாக, பல பாத்திகளில், பல பருவங்களில் விதைத்து ஒப்பிடுகிறார்கள். எந்த வித்து எந்தப் பாத்திக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவேண்டும் என்று, சோதனைகளை வகுப்பது பற்றி 1935-ல் வெளியிட்ட நூலில் ஆங்கில அறிஞர் ரொனால்டு ஃபிஷர் வலியுறுத்தினார். ஏன்? வேண்டிய வித்துக்கு நல்ல மண்ணை ஒதுக்கிவிட்டு, "வித்து வென்றது" என முழங்காதிருக்கத்தான்!

வித்துக்குக் காட்டும் இந்த நீதியை மனிதனுக்குக் காட்டுகிறோமா? கருகிய காட்டுக்காரன் ஏன் பிந்தி விதைத்தான்? சொந்த ஏர் இல்லை. வாடகை உழவுக்குக் கையில் காசில்லை. கடன் கிடைப்பதற்குள் மழை முந்திக்கொண்டது. முறையை அவனும் அறிவான், திறனும் உண்டு. இல்லாதது வசதி ஒன்றே. அதை விதி என்று சொல்லிவிட்டால், எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அல்லவா?

தற்செயலைக் கணக்கிடலாம், அதன் அடியைத் தாங்க வழி வகுக்கலாம். விதியைக் கணக்கிட இயலாது; கும்பிடத்தான் இயலும். அதனாலன்றோ அது ஆதிக்கக்காரருக்கு அத்துணை இனிக்கிறது! முதலில் பாத்தியைச் சமமாக்குவோம். திறமையை அளப்பது அதற்குப் பிறகு.